முதலில் சம்பளம், அடுத்து பயிற்சி: இரண்டையும் கேட்டு வாங்குவது எப்படி

மலேசியாவில், பட்டர்வொர்த்திலுள்ள என் வீட்டு அலமாரியில் ஐந்து 555 புத்தகங்கள் இருக்கின்றன. மளிகைக் கடையில் பற்று எழுதுவதற்கு நம் ஊரில் எல்லோரும் வாங்கும், சட்டைப் பையில் அடங்கும் அதே சின்னப் புத்தகம்தான். நான் அதில் பற்று எழுதவில்லை. அன்றன்று எத்தனை பள்ளிக் காற்சட்டை, எத்தனை சட்டை தைத்து முடித்தேன் என்று எழுதி வைத்தேன். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய காலம் அது. காற்சட்டைக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு, சட்டைக்கு 1 வெள்ளி 60 காசு. மாதக் கடைசியில் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் எழுதினேன். அந்தப் புத்தகத்தைக் காட்டி ஒரு முறை சம்பள பாக்கியை வாங்கினேன். சில ஆண்டுகள் கழித்து அவற்றையே காட்டித் திறன் சான்றிதழும் வாங்கினேன்.

இப்போது எனக்கு 53 வயது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டு புரியாமல் வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்கிறேன். துப்புரவு வேலை, காவல் வேலை, பிறை தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை, சாப்பாட்டுக் கடை வேலை என்று பலரும் வருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

குறைந்தபட்ச சம்பளத்தை ஏற்றுவதா, தொழிலாளிக்குத் திறன் பயிற்சி கொடுப்பதா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. சம்பளத்தை ஏற்றினால் சின்னக் கடைகள் தாங்காது, திறனைக் கொடுத்தால் சம்பளம் தானாக ஏறும் என்பார் ஒருவர். பயிற்சி பயிற்சி என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். சின்னக் கடையின் கஷ்டம் எனக்குத் தெரியும். நான் வேலை செய்ததே எட்டுப் பேர் இருந்த தையல் கடையில்தான். ஆனாலும் கீழ்ச்சம்பளத்தில் இருக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால், இது எதை முதலில் கேட்பது என்ற கேள்வி மட்டுமே. சட்டப்படியான சம்பளம் இன்றைக்கே உங்களுக்கு வந்து சேர வேண்டிய காசு. அதற்கு நீங்கள் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. பயிற்சி அதற்கு மேலே ஏறுவதற்கு. "பயிற்சி தருகிறோம், சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

சீட்டில் எந்த வரியைப் பார்ப்பது

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான இடங்களுக்கு ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். அந்த அவகாசமும் 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே "எங்கள் கடை சின்னது" என்ற பதில் இனிச் செல்லாது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே 1,700தான். வீட்டு வேலை செய்கிறவர்களை இந்தச் சம்பள ஆணை சேர்க்கவில்லை. மற்றவர் வீட்டில் காலை முதல் இரவு வரை உழைக்கும் பெண்களை இப்படி வெளியே நிறுத்தியிருப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இனிச் சீட்டை எடுங்கள். அடியில் பெரிதாகப் போட்டிருக்கும் மொத்தத்தை முதலில் பார்க்காதீர்கள். மேலே "காஜி போக்கோக்" என்று இருக்கும் அடிப்படைச் சம்பள வரியைப் பாருங்கள். ஒரு கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் கொண்டுவந்த சீட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான்காக மடித்து, கைபேசி உறைக்குள் வைத்திருந்ததால் மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. மொத்தம் 1,700 என்று இருந்தது. "சரியாகத்தானே தருகிறார்கள்?" என்று கேட்டார். என் அடிக்கோலை வரி வரியாக வைத்துப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் 1,400. வருகைப் படி 150. போக்குவரத்துப் படி 150. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் வருகைப் படி போய்விடும். போக்குவரத்துப் படிக்குச் சேமநிதி பிடிக்க வேண்டியதில்லை. ஆகவே அவருடைய முதுமைக்குச் சேர வேண்டியதிலும் குறைவு. ஓவர்டைமையும் 1,400-ஐ வைத்தே போட்டிருந்தார்கள்.

2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தில் குறைந்தபட்ச சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளம் என்றுதான் பொருள். படிகளைக் கூட்டி 1,700 காட்டுவது கணக்கில் வராது. அந்த அக்காவுக்கு மாதம் 300 வெள்ளி குறைகிறது. இப்படியே ஏழு மாதம் போனால் 2,100 வெள்ளி. இந்தச் சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் போடலாம்.

நாள் கூலிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு: வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு, ஐந்து நாள் என்றால் 78 வெள்ளி 46 காசு. மணிக் கணக்கில் 8 வெள்ளி 17 காசு. சாதாரண வேலை நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்குக் குறைந்தது 12 வெள்ளி 26 காசு. ஓய்வு நாளில் ஓவர்டைம் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. பழைய 48 மணிக் கணக்கையே இன்னும் ஓட்டும் இடங்கள் உண்டு. என்னைப் போல உருப்படிக் கூலி வாங்குகிறவர்களும், கமிஷனில் வேலை செய்கிறவர்களும் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருந்தும். மாத வருமானம் 1,700-க்குக் கீழே போகக் கூடாது.

கைக்கு வரும் தொகை குறைவாக இருப்பதைக் கண்டு பதற்றப்பட வேண்டாம். 1,700-இல் சேமநிதிக்கு உங்கள் பங்கு 187 வெள்ளி போகும். முதலாளி தன் பங்காக 221 கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சில வெள்ளிகள் போகும். ஏறத்தாழ 1,500 கைக்கு வரும். சேமநிதிக் கணக்கைக் கைபேசியிலேயே திறந்து, பிடித்த காசு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறைந்தால் என்ன செய்வது

2013 ஜனவரியில் இந்த நாட்டில் முதல் முறையாகக் குறைந்தபட்ச சம்பளம் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி. எங்கள் முதலாளி, உருப்படிக் கூலிக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார். என் 555 புத்தகத்தில் அந்த ஜனவரிக்கு 712 வெள்ளி. சீனப் பெருநாள் வந்த பிப்ரவரியில் 655. மார்ச்சில் 740, ஏப்ரலில் 698. நான்கு மாதத்தில் 795 வெள்ளி குறைவு. இந்தத் தொகையை நான் ஒரு தாளில் கூட்டிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்திருந்த நேரம் அது.

மே மாதம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். தனியாகப் போகாமல் சேர்ந்து போனதுதான் நாங்கள் செய்த புத்திசாலித்தனம். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதிகாரி என் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடையின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு கணக்கும் ஒத்துப் போயின. தொழிலாளர் நீதிமன்ற விசாரணைக்குப் போகாமலே முதலாளி இரண்டு தவணையில் பாக்கியைக் கொடுத்தார். அதன்பிறகு இரண்டு மாதம் எனக்குக் கடினமான தையலாகவே பார்த்துக் கொடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயம் வரத்தான் செய்யும். பயத்தோடு போனவள்தான் நானும்.

அதனால் இன்றைக்கே ஒரு புத்தகம் வாங்குங்கள். வேலைக்கு வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம் மணி, கையில் வாங்கிய காசு என்று அன்றன்றே எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து மொத்தமாக எழுதுவதற்கும் அன்றன்று எழுதியதற்கும் உள்ள வித்தியாசம், மை நிறத்திலேயே அதிகாரிக்குத் தெரிந்துவிடும். சம்பளம் வங்கியில் வந்தால் வங்கிக் கணக்கு விவரத்தை வைத்திருங்கள். கையில் தந்தால் தேதியைக் குறியுங்கள். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை அட்டவணையை அழிக்காதீர்கள். பழைய பாக்கியைக் கோர ஆறு ஆண்டுகள் வரை காலம் உண்டு, ஆனால் தள்ளிப் போடப் போட, சாட்சி சொல்லக்கூடிய சக தொழிலாளிகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். நேரில் போக நேரமில்லாதவர்கள் இலாகாவின் "வர்க்கிங் ஃபார் வர்க்கர்ஸ்" என்ற கைபேசிச் செயலியிலும் புகார் கொடுக்கலாம்.

சட்டம் தராத இடம்

இந்த 1,700 ஒரு தரை மட்டும்தான். 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025-இல் 1,700 ஆனது. ஒவ்வொரு முறை தரை உயரும்போதும் ஒரு கூட்டம் அதில் மூழ்கிப் போகிறது. இப்போது நான் வேலை செய்யும் சீருடைத் தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் அக்கா 12 வருடமாக அங்கே இருக்கிறார். 2025 ஜனவரியில் அவர் சம்பளம் 1,680. அப்போது புதிதாக வந்த பெண்ணுக்கு 1,500. பிப்ரவரியில் இருவருக்கும் 1,700. அந்தப் பெண்ணுக்குக் காலர் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே இந்த அக்காதான். காலர் முனையில் ஊசியை நிறுத்தி, துணியைத் திருப்பி, நுனி மழுங்காமல் தைப்பதற்குக் கை பழக ஒரு வருடம் ஆகும். சம்பள நாளன்று அக்கா யாரையும் திட்டவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் திறக்காமல் வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் உயர்வு நியாயமானது. அக்காவின் மனக்கஷ்டமும் நியாயமானது. பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காப்பாற்றிக் கொடு என்று எந்தச் சட்டமும் முதலாளியிடம் சொல்லவில்லை. பயிற்சியும் சான்றிதழும் உண்மையில் வேலை செய்யும் இடம் இதுதான். கைக்குத் தெரிந்த வேலை காகிதத்தில் இருந்தால்தான் "நானும் அவரும் ஒன்றல்ல" என்று சொல்லிக் கேட்க முடியும்.

பயிற்சியை எங்கே, எப்படிக் கேட்பது

பல வருடம் ஒரே வேலை செய்தவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-ஐ, செய்துவந்த வேலையை அங்கீகரிக்கச் சொல்லியே வாங்கலாம். பி.பி.டி. என்று சொல்வார்கள், முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் முறை. திறன் மேம்பாட்டு இலாகா ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வொரு நிலைக்கும், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறது. அதை வாங்கி வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் அதைச் செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்.

நான் மகளிர் ஆடைத் தயாரிப்பில் இரண்டாம் நிலைக்கு விண்ணப்பித்தபோது சேர்த்தவை இவை: அளவெடுப்பது, காகிதத்தில் வரைவது, வெட்டுவது, தைப்பது என்று படிப்படியாக மகள் எடுத்துக்கொடுத்த புகைப்படங்கள், முதலாளியின் கடிதம், வாடிக்கையாளர் அளவுகள் எழுதிய தாள்கள், தைத்துக் காட்டிய மாதிரித் துண்டுகள், அந்த ஐந்து 555 புத்தகங்கள். மதிப்பீட்டாளர் அம்மையார் புத்தகத்தைத் திறந்து, "இவ்வளவு வருடமா எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, மாதிரித் துண்டின் உள்தையலைத் திருப்பி விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். 2017-இல் சான்றிதழ் கையில் வந்தது. கோப்பைத் தயாரிக்கும் வேலை சலிப்பானது. மலாயில் எழுத வேண்டியும் இருந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் உதவிக்கு உட்கார வையுங்கள்.

இளையவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் இயங்குகிறது. பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலேயே கற்கும் இரட்டைப் பயிற்சி முறையும் உண்டு. வேலை போனவர்கள் பெர்கேசோவின் (சொக்சோதான்) வேலைக் காப்புறுதியில் பயிற்சிக் கட்டணத்தைக் கேட்கலாம். இத்தனை நாள் சம்பளத்தில் பிடித்தது அதற்கும்தான்.

எந்தப் பயிற்சி என்று கேட்டால், சட்டமே சான்றிதழ் கேட்கும் வேலையைத் தேடுங்கள் என்பேன். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் மின்கம்பி வேலையில் ஒருவர் கையெழுத்துப் போட முடியாது. அப்படிப்பட்ட காகிதத்துக்கு முதலாளி விலை கொடுத்தே ஆக வேண்டும். "தன்னம்பிக்கைப் பயிலரங்கு" போன்றவற்றில் ஒரு நாள் உட்கார்ந்து வாங்கும் தாளுக்கு யாரும் ஒரு வெள்ளி கூடக் கொடுப்பதில்லை. என் அண்ணன் மகன் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் 600 வெள்ளி கட்டினான். மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது வருகைச் சான்றிதழ், எஸ்.கே.எம். தரும் அங்கீகாரமே அந்த இடத்துக்கு இல்லை. காசு கட்டுவதற்கு முன் அந்த நிலையத்தின் பெயர், அந்தப் படிப்பு, அந்த நிலை மூன்றும் அங்கீகரிக்கப்பட்டவையா என்று திறன் மேம்பாட்டு இலாகாவில் கேட்டுவிடுங்கள். கல்விக் கடன் தருகிறோம் என்றால் அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதையும் மறக்காதீர்கள்.

வேலையிடத்திலேயே கேட்கவும் வழி உண்டு. பத்து மலேசியர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் பல துறை நிறுவனங்கள், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்குப் பயிற்சி லெவியாக, அதாவது பயிற்சிக்கான கட்டாயக் கட்டணமாக, கட்டுகின்றன. அதை முதலாளிதான் கட்ட வேண்டும்; உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் அந்தக் காசு அலுவலகத்தில் இருக்கிறவர்களின் பயிற்சிக்கே போய்விடுகிறது. இயந்திரத்தில் இருக்கிறவர் கேட்பதில்லை, அதனால் கொடுப்பதில்லை. கேளுங்கள்.

கேட்கும் கடிதம்

நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. 2017-இல் சான்றிதழ் வந்த மாதம் என் சம்பளம் ஒரு காசு கூட ஏறவில்லை. "நல்லது, வாழ்த்துகள்" என்றார் முதலாளி. 1,150-இல் இன்னும் எட்டு மாதம் ஓட்டினேன். பயிற்சிக்குப் போகும் முன்பே உயர்வை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பிறகு இந்தத் தொழிற்சாலைக்கு மாதிரித் தையலுக்காக 1,450-க்கு மாறினேன். மாறும்போதே அடுத்த நிலைக்குப் போனால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கினேன். இன்று என் சம்பளம் 2,400.

பக்கத்து இயந்திர அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்படியே தருகிறேன். மலாயில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

"நான் இங்கே 12 ஆண்டுகளாகத் தைக்கிறேன். காலர், கைப்பட்டி, ஜிப் மூன்றையும் தைக்கிறேன். கடந்த ஆண்டு நான்கு புதிய பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். இரண்டாம் நிலைத் திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். அதற்கான கட்டணத்தை நிறுவனத்தின் பயிற்சி லெவியிலிருந்து செலுத்தும்படியும், சான்றிதழ் கிடைத்த மாதம் முதல் அடிப்படைச் சம்பளத்தை 1,950 வெள்ளியாக உயர்த்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எழுத்தில் தரவும்."

தொகையும் தேதியும் இல்லாமல் எழுதாதீர்கள். "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்றால் ஒன்றும் நடக்காது. நிறுவனம் பயிற்சிக்குப் பின் இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டினால், உயர்வும் அதே தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதலாளி தயங்கினால் அவரிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. சிங்கப்பூரில் துப்புரவுத் தொழிலுக்கு 2014-லிருந்தும், காவல் தொழிலுக்கு 2016-லிருந்தும் திறனும் சம்பளமும் ஒரே படிக்கட்டில் ஏறும் முறையை உரிமத்தோடு சேர்த்துக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் முற்போக்குச் சம்பளக் கொள்கையை 2024 ஜூனில் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்துச் சம்பளத்தையும் ஏற்றும் நிறுவனத்துக்கு, புதுநிலைத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 200 வெள்ளி வரையும், அதற்கு மேல்நிலையில் உள்ளவருக்கு 300 வெள்ளி வரையும், ஓராண்டு வரை அரசாங்கம் ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு அது. ஆனால் சேர்வது முதலாளியின் விருப்பம். விருப்பத்துக்கு விட்டால் நல்ல முதலாளி மட்டும் சேருவார். மற்றவரிடம் வேலை செய்கிறவர் என்ன செய்வார்? சிங்கப்பூர் போல இதையும் கட்டாயமாக்க வேண்டும் என்று என் தொகுதி மக்கள் பிரதிநிதியின் சேவை மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

இலாகாவுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டை, நியமனக் கடிதம், இருக்கிற சம்பளச் சீட்டுகள், வங்கி விவரம், உங்கள் புத்தகம் ஆகியவற்றோடு எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். அரசாங்க அலுவலகங்களில் அன்று மதிய இடைவேளை நீளம், அரை நாள் சம்பளம் வீணாகப் போய்விடும்.